பாட்டு முதலில், சிச்சுவேஷன் பிறகு

கொட்டும் மழையில் ஒருவர் தெருவிளக்குக் கம்பத்தில் ஒரு கையால் தொற்றிக்கொண்டு வாய்கொள்ளாமல் சிரிக்கும் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சி 1952-இல் வந்த 'சிங்கிங் இன் த ரெயின்' என்ற ஹாலிவுட் படத்தில் வருகிறது. எம்.ஜி.எம். நிறுவனத்தின் இசை நகைச்சுவைப் படம். ஸ்டான்லி டோனனும் ஜீன் கெல்லியும் சேர்ந்து இயக்கியது. கம்பத்தில் தொங்குபவரும் கெல்லிதான்.

கொஞ்ச நாள் முன்னால் அக்கா மகளோடு உட்கார்ந்து அதை மறுபடி பார்த்தேன். அவளுக்குப் பத்து வயது. மழைப் பாட்டு பாதி ஓடியிருக்கும். "மாமா, அவர் கையிலதான் குடை இருக்கே, அப்புறம் ஏன் நனையறார்?" என்றாள். "சந்தோஷத்துல இருக்கார்டா" என்று சொல்லிச் சமாளித்தேன். அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சரியாகப் பதில் சொல்வதென்றால் 'சிச்சுவேஷன்' என்ற சொல்லில் இருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

நம் சினிமாக்காரர்கள் தினமும் புழங்கும் சொல் அது. இயக்குநர் இசையமைப்பாளரிடம் போவார். "ஹீரோவுக்கு இப்பத்தான் வேலை கிடைச்சிருக்கு, சொல்ல ஓடி வர்றான், அவ வீட்ல பூட்டு தொங்குது" என்று ஒரு கட்டத்தைச் சொல்வார். அதுதான் சிச்சுவேஷன். ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ மெட்டு பிறக்கும், கவிஞர் அதற்கு வார்த்தை போடுவார். கதை முதலில், பாட்டு அப்புறம். இதைத் தவிர வேறு வழி உண்டு என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

'சிங்கிங் இன் த ரெயின்' தலைகீழாகப் பிறந்தது. பாட்டுகள் முதலில் இருந்தன, அதுவும் பத்து இருபது வருடப் பழசாக. ஆர்தர் ஃப்ரீட் என்பவர் வரிகள் எழுத, நாசியோ ஹெர்ப் பிரவுன் மெட்டுப் போட, 1929 தொடங்கி முப்பதுகள் வரை இருவரும் எம்.ஜி.எம். படங்களுக்குப் பல பாட்டுகள் கொடுத்திருந்தார்கள். பின்னாளில் ஃப்ரீட் அதே ஸ்டூடியோவில் தயாரிப்பாளராகி, இசைப் படங்களுக்கென்றே ஒரு குழுவை நடத்தினார். தன் பழைய பாட்டுகளையெல்லாம் கோத்து ஒரு படம் பண்ண வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்ற எழுத்தாளர் ஜோடியை வரவழைத்து, பாட்டுகள் இவை, கதையை நீங்கள் கண்டுபிடியுங்கள் என்று ஒப்படைத்துவிட்டார்.

இப்படி ஏற்கனவே இருக்கும் பாட்டுகளைக் கொண்டு புதுக் கதை கட்டும் படத்தையோ நாடகத்தையோ 'ஜூக்பாக்ஸ் மியூசிக்கல்' என்கிறார்கள். ஜூக்பாக்ஸ் என்பது காசு போட்டால் கேட்ட இசைத்தட்டை எடுத்துப் பாடும் பெட்டி. பெயர் பிற்காலத்தில் புழக்கத்துக்கு வந்தது, வேலை பழையது.

சும்மா பாட்டுகளை வரிசையாக அடுக்கி, நடுவில் நாலு வசனம் வைத்தால் அது கதம்ப நிகழ்ச்சியாகிவிடும். காம்டனும் கிரீனும் முதலில் திணறித்தான் போனார்கள். பிறகு ஒன்று பிடிபட்டது. இந்தப் பாட்டுகள் எந்தக் காலத்தில் எழுதப்பட்டவை? சினிமா பேச ஆரம்பித்த காலத்தில். அப்படியானால் கதையையும் அங்கேயே வைத்துவிடலாமே! 1927-இல் 'த ஜாஸ் சிங்கர்' என்ற பேசும் படம் வந்து சக்கைப்போடு போட்டதும் ஊமைப்பட ஸ்டூடியோக்கள் எல்லாம் பேசும் படத்துக்கு மாறத் தவித்த தவிப்புதான் கதை. பழைய பாட்டுகள் பழைய காலத்துக்குள் போய் உட்கார்ந்ததும், ஒட்டுப்போட்டது போலவே தெரியவில்லை. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த புத்திசாலித்தனம் இதுதான், எந்தக் காட்சியிலும் கண்ணுக்குத் தெரியாத புத்திசாலித்தனம்.

கதை சுருக்கமாக: டான் லாக்வுட் (கெல்லி) ஊமைப்பட நட்சத்திரம். அவருடைய ஜோடி லீனா லாமண்ட் (ஜீன் ஹேகன்) திரையில் தேவதை, வாயைத் திறந்தால் கீச்சுக்குரல். ஊமைப்படம் இருந்தவரை அந்தக் குரல் யாருக்கும் தெரியாது. இப்போது பேசியாக வேண்டும். டானின் நண்பன் காஸ்மோ (டொனால்ட் ஓ'கானர்) ஊமைப்படப் படப்பிடிப்பில் பியானோ வாசிப்பவன். நடிகர்களுக்கு உணர்ச்சி வரட்டும் என்று அந்தக் காலத்தில் செட்டிலேயே ஆள் வைத்து வாசிக்க வைப்பார்கள். ஸ்டூடியோ பேசும் படத்துக்கு மாறுகிறது என்றதும் தன் வேலை போயிற்று என்று நினைக்கிறான். அடுத்த நிமிடமே முதலாளி அவனைப் புதிய இசைத் துறைக்குத் தலைவர் ஆக்கிவிடுகிறார். கேத்தி செல்டன் (டெபி ரெனால்ட்ஸ்) வாய்ப்புத் தேடும் இளம் நடிகை, நல்ல குரல்காரி.

இப்போது மழைப் பாட்டுக்கு வருவோம். சினிமாவில் அது முதலில் ஒலித்தது 'த ஹாலிவுட் ரெவ்யூ ஆஃப் 1929' என்ற படத்தில். அதில் கதையே கிடையாது, நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக வந்து ஏதாவது செய்துவிட்டுப் போவார்கள். கிளிஃப் எட்வர்ட்ஸ் யுகுலேலி என்ற குட்டிக் கிதாரை மீட்டியபடி பாட, சுற்றிலும் மழைக்கோட்டு போட்ட கூட்டம். மழையைப் பற்றிய பாட்டு, அதனால் மழைக்கோட்டு, அவ்வளவுதான். யார் பாடுகிறார், ஏன் பாடுகிறார் என்பதெல்லாம் கேள்வியே இல்லை. சிச்சுவேஷன் என்று ஒன்று அங்கே இல்லை.

இருபத்து மூன்று வருடம் கழித்து வார்த்தை மாறவில்லை, மெட்டு மாறவில்லை. முன்னும் பின்னும் இருப்பதுதான் மாறியது. டானும் லீனாவும் நடித்த முதல் பேசும் படத்தை முன்னோட்டமாகப் போட்டுக் காட்டுகிறார்கள். செடிக்குள் ஒளித்த மைக்கில் லீனா தலையைத் திருப்பும்போதெல்லாம் வசனம் வந்து வந்து போகிறது, கழுத்து முத்துமாலையின் உரசல் இடிமாதிரிக் கேட்கிறது, நடுவில் படமும் ஒலியும் பிசகி ஆண் வாயில் பெண் குரல். தியேட்டரே உருண்டு சிரிக்கிறது. டானின் வாழ்க்கை அவ்வளவுதான் என்று அவரும் காஸ்மோவும் கேத்தியும் இரவில் உட்கார்ந்து கவலைப்படுகிறார்கள். அப்போது ஒரு யோசனை: இதையே பாட்டும் ஆட்டமுமான படமாக மாற்றிவிட்டால்? லீனாவுக்குப் பதில் கேத்தி குரல் கொடுத்தால்? பிழைத்தோம் என்ற நிம்மதி, கூடவே காதல். கேத்தியை அவள் வீட்டு வாசலில் விட்டு, முத்தம் கொடுத்து, காத்திருந்த வண்டியையும் போகச் சொல்லிவிட்டு டான் மழையில் நடக்கிறார்.

இந்த இடத்தில் கெல்லி உடனே பாடத் தொடங்குவதில்லை. இதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் வார்த்தையில்லாத ஒரு முணுமுணுப்பு, டூ-டி-டூ-டூ என்று, நடையின் தாளத்திலேயே. பழைய பாட்டில் இது கிடையாது. ஃப்ரீட் குழுவின் இசைக்காரர் ரோஜர் எடன்ஸ் சேர்த்தது. ஏன் சேர்த்தார்? இசைப் படத்தில் மிகச் சிக்கலான நொடி, பேச்சு பாட்டாக மாறும் நொடிதான். அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று ஆர்கெஸ்ட்ராவோடு பாடினால் பார்ப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். (நமக்குப் போடாது. கண் சிமிட்டுவதற்குள் ஸ்விட்சர்லாந்தில் நிற்கும் ஜோடிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.) அந்த முணுமுணுப்பு ஒரு படிக்கட்டு. மழையில் நடக்கும் எந்த மனிதனும் முணுமுணுக்கலாம். முணுமுணுப்பவன் பாடலாம். பாடுபவன் ஆடலாம். ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிப் போகிறார்கள்.

குடை விஷயமும் இந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது. முதலில் குடை விரிந்திருக்கிறது. பிறகு தோளைக் குலுக்கிவிட்டு மடக்குகிறார். கம்பத்தில் தாவுகிறார். குடையைக் கிதார் போலப் பிடித்து வாசிக்கிறார். கூரைத் தண்ணீர் கொட்டும் குழாய்க்குக் கீழே போய் முகத்தைக் காட்டுகிறார். அப்புறம் பித்தளை வாத்தியங்கள் முழங்க, நடுத்தெருவில் விரித்த குடையோடு பெரிய வட்டமாகச் சுற்ற, கேமரா மேலே எழும்புகிறது. கடைசியில் சிறுபிள்ளை மாதிரி தேங்கிய தண்ணீரில் குதிகுதியென்று குதிக்கிறார். ஒரு போலீஸ்காரர் வந்து நிற்கிறார். ஆர்கெஸ்ட்ரா அடங்கிவிடுகிறது. டான் அசடு வழியச் சிரித்து, மழையில் பாடிக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் கிட்டத்தட்ட விளக்கம் சொல்லிவிட்டு, எதிரே வருகிறவரிடம் குடையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அக்கா மகளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான்: அவருக்குக் குடை தேவைப்படவில்லை, அதனால்தான் கடைசியில் யாருக்கோ கொடுத்துவிட்டார். பாட்டின் பொருள் வரிகளில் பாதிதான் இருக்கிறது, மீதி அந்தக் குடையில் இருக்கிறது.

அந்தப் போலீஸ்காரர் சாதாரண ஆள் இல்லை. இசைப் படத்தைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு கேள்வி அவரிடம் இருக்கிறது: இந்த இசை கதையில் இருப்பவர்கள் காதில் விழுகிறதா? டான் பாடுவதையும் ஆடுவதையும் அவர் பார்க்கிறார். ஆனால் ஆர்கெஸ்ட்ராவை அவர் கேட்டிருக்க முடியாது. தெருவில் எங்கே இருக்கிறது நாற்பது வயலின்? அது நமக்கு மட்டும் கேட்பது, டானின் மனசுக்குள் ஓடுவது. எந்தப் படம் பார்க்கும்போதும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகினால் பாட்டுகள் மூன்று விதமாகப் பிரிவது தெரியும். மேடையிலோ விருந்திலோ பாத்திரங்கள் தெரிந்தே பாடுவது ஒன்று. மனசில் இருப்பது பாட்டாக வெளியே வருவது இன்னொன்று. மூன்றாவது பிஜிஎம் என்று நாம் சொல்லும் பின்னணி இசை, பாத்திரங்களுக்குச் சுத்தமாகக் கேட்காது.

நல்ல படங்கள் இந்தக் கோடுகளை வேண்டுமென்றே அழித்து விளையாடும். டான் கேத்தியிடம் காதலைச் சொல்லும் இடம் அப்படி. சரியான சூழல் இல்லாமல் தன்னால் பேச வராது என்று அவளை ஒரு காலியான படப்பிடிப்புக் கொட்டகைக்குள் அழைத்துப் போகிறார். விளக்குகளைப் போடுகிறார், அந்தி வானம் வருகிறது. ஒரு மெஷின் பனிமூட்டம் விடுகிறது. பெரிய மின்விசிறி தென்றல் வீசுகிறது. கேத்தியை ஏணிமேல் ஏற்றி நிறுத்துகிறார், அது மாடமாம். எல்லாம் பொய் என்று நம் கண் முன்னாலேயே காட்டிவிட்டு, அதன் பிறகு பாடுகிறார். அப்போது வரும் வாத்தியங்களுக்கு மட்டும் எந்த மெஷினும் காட்டப்படவில்லை. பொய் என்று தெரிந்தும் நாம் உருகிப் போகிறோம். அந்தப் பாட்டும் 1929-இல் வேறொரு படத்துக்காக எழுதியதுதான்.

பின்னணி இசை இந்தப் படத்தில் பெரும்பாலும் பாட்டுகளின் மெட்டையே எடுத்து ஆள்கிறது. இசைப் பொறுப்பு லென்னி ஹேட்டனுடையது, அதற்காக ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. முன்பே கேட்ட மெட்டு வார்த்தையில்லாமல் திரும்பும்போது, வார்த்தையை நாமே மனசுக்குள் போட்டுக்கொள்கிறோம். நம்மூர் படங்களில் காதலர் பிரிந்த பிறகு டூயட்டின் மெட்டு ஒற்றைப் புல்லாங்குழலில் வருமே, அதே உத்தி.

எல்லாப் பாட்டுமே பழசு என்று நினைத்துவிட வேண்டாம். உச்சரிப்பு வாத்தியாரைக் கேலி செய்யும் பாட்டு புதிது. எடன்ஸ் இசைக்கு காம்டனும் கிரீனும் எழுதியது. ஓ'கானர் சுவரில் ஏறிக் குட்டிக்கரணம் அடிக்கும் 'மேக் எம் லாஃப்' பாட்டையும் ஃப்ரீடும் பிரவுனும் இந்தப் படத்துக்கென்றே செய்தார்கள். அது இசையமைப்பாளர் கோல் போர்ட்டர் 1948-இல் 'த பைரேட்' படத்துக்குப் போட்ட 'பி எ கிளௌன்' பாட்டை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். அந்தப் படத்துக்கும் ஃப்ரீட்தான் தயாரிப்பாளர். மெட்டு சுடுவது நம்மூர் வியாதி மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசிப் பகுதியில் வரும் நீண்ட பிராட்வே நடனம் எனக்குக் கொஞ்சம் அலுப்பு. சிட் சாரிஸ் பிரமாதமாக ஆடுகிறார், மறுக்கவில்லை. ஆனால் கதை பத்து நிமிடத்துக்கு மேல் வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறது. டான் ஸ்டூடியோ முதலாளிக்கு விவரிக்கும் யோசனையாகத்தான் அந்த நடனம் வருகிறது; விவரித்து முடித்ததும் அவர், எனக்குக் கண்ணில் காட்சி ஓடவில்லையே என்கிறார். படமே தன்னைக் கிண்டல் செய்துகொள்வதால் மன்னித்துவிடலாம்.

பழைய பாட்டுக்குப் புது சிச்சுவேஷன் கொடுப்பது இப்போதும் நடக்கிறது. 'குணா'வில் (1991) ஒரு பெண்ணுக்கு எழுதும் கடிதமாக வந்த பாட்டு, 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் குழியில் விழுந்த நண்பனைத் தூக்கி எடுக்கும் இடத்தில் வந்து தியேட்டரைக் கலக்கியது. காதல் பாட்டு நட்பின் பாட்டாகிவிட்டது, ஒரு எழுத்து மாறாமல்.

இனி குரல். அந்தக் காலப் பாட்டுக் காட்சி எடுக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், நம்மூரிலும் கிட்டத்தட்ட இதேதான். பாட்டு முன்கூட்டியே ஒலிப்பதிவாகிவிடும். படப்பிடிப்பில் அதை ஓடவிட்டு நடிகர் வாயசைப்பார். எனவே மழையில் கெல்லி பாடிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தாலும் அந்தக் குரல் மழை இல்லாத அறையில் பதிவானது. காலணியால் தரையைத் தட்டி ஆடும் டேப் டான்ஸின் காலடிச் சத்தத்தைப் பிற்பாடு தனியாகச் சேர்ப்பார்கள். தண்ணீர் தேங்க வேண்டிய இடங்களில் தரையில் குழி வெட்டியிருந்தார்கள், காய்ச்சலோடுதான் கெல்லி அதில் குதித்தார். முகம் ஒரு நாள், குரல் ஒரு நாள், கால் ஒரு நாள். மூன்றையும் ஒட்டினால்தான் 'பாட்டு'.

ஒட்டும் வேலையையே படம் ஒரு பாட்டில் காட்டிவிடுகிறது. 'உட் யூ' என்ற பாட்டு, முதலில் 1936-இல் 'சான் பிரான்சிஸ்கோ' படத்தில் வந்தது. இங்கே கேத்தி ஆர்கெஸ்ட்ரா முன்னால் நின்று பாடத் தொடங்குகிறாள். பாட்டு அறுபடாமல் காட்சி மாறுகிறது, இப்போது லீனா அதற்கு வாயசைக்கிறாள். மறுபடி மாறுகிறது, கறுப்பு வெள்ளைத் திரையில் முடிந்த படம் ஓடுகிறது, லீனாவே பாடியது போல. பின்னணிப் பாடல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு நிமிடத்தைப் போட்டுக் காட்டினால் போதும்.

நம்மிடம் இதற்கு நிஜமான உறவுக்காரக் கதை ஒன்று உண்டு. தமிழில் பேசும் படம் வந்த புதிதில் பாடத் தெரிந்தவர்தான் நடிக்கலாம். அப்புறம் மெல்ல மெல்ல இரவல் குரல் வந்தது. 1945-இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த 'ஸ்ரீ வள்ளி'யில் கதாநாயகி குமாரி ருக்மிணி பாடிய பாட்டுகள் திருப்தி தராததால், பி.ஏ. பெரியநாயகியின் குரலில் மாற்றிப் பதிவு செய்து சேர்த்தார்கள். 'சிங்கிங் இன் த ரெயின்' வருவதற்கு முன்பே லீனாவும் கேத்தியும் மெய்யப்பனிடம் வந்து போயிருக்கிறார்கள்.

படத்தின் முடிவில் லீனா மாட்டிக்கொள்கிறாள். படம் வெளியான இரவில் ரசிகர்கள் நேரில் பாடச் சொல்கிறார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் கேத்தி மைக் முன் நிற்க, முன்னால் லீனா வாயசைக்கிறாள். என்ன பாட்டு தெரியுமா? அதே மழைப் பாட்டு. தெருவில் தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது, இங்கே நிர்ப்பந்தமாகவும் திருட்டாகவும் ஒலிக்கிறது. கேத்தியின் முகத்தைப் பாருங்கள், வரிகளோ மகிழ்ச்சி என்கின்றன. டானும் காஸ்மோவும் முதலாளியும் சேர்ந்து கயிற்றை இழுத்துத் திரையை உயர்த்துகிறார்கள். காஸ்மோ ஓடிப்போய் மைக்கைப் பிடித்துப் பாட, லீனா வாயிலிருந்து ஆண் குரல் வருகிறது. ஓடப் பார்க்கும் கேத்தியை டான் நிறுத்தி, நீங்கள் கேட்ட குரல் இவளுடையது என்று ஊரறியச் சொல்கிறார்.

ஆனால் 'உட் யூ' பாட்டில் நாம் கேட்ட குரல் டெபி ரெனால்ட்ஸுடையது அல்ல. லீனாவுக்காக கேத்தி பாட, கேத்தியாக நடித்த டெபிக்காகப் பாடியவர் பெட்டி நாய்ஸ் என்ற பாடகி. இன்னொரு கூத்து: கதையில் லீனாவின் வசனத்துக்கு கேத்தி டப்பிங் கொடுக்கும் காட்சியில், அந்த இனிமையான குரல் லீனாவாக நடித்த ஜீன் ஹேகனுடையதே. நிஜத்தில் அவருக்கு நல்ல குரல், கீச்சுக்குரல்தான் நடிப்பு.

திரைக்குப் பின்னால் பாடியவளை மேடைக்கு இழுத்து வந்து பெயர் சொல்லிக் கைதட்ட வைத்த அந்தப் படத்தின் டைட்டிலில் பெட்டி நாய்ஸின் பெயர் இல்லை.